காலி மருந்து டப்பா: ரீலோடிங் செய்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அமெரிக்காவில் வேட்டைக்கும் இலக்குச் சுடுதலுக்கும் போகிறவர்களில் பலர், சுட்ட பித்தளைக் கூடுகளைப் பொறுக்கி வந்து, வீட்டிலேயே புது பிரைமர் (தட்டினால் பொறி தந்து மருந்தைப் பற்ற வைக்கும் சின்னக் கிண்ணம்), வெடிமருந்து, குண்டு வைத்து மறுபடி தோட்டாவாக்கிக்கொள்கிறார்கள். இதுதான் ரீலோடிங். மருந்து தீரத் தீர அலமாரியில் காலி டப்பாக்கள் சேரும். அகல வாய், இறுக்கமான மூடி, கீழே விழுந்தாலும் உடையாத பிளாஸ்டிக். தூக்கிப் போட யாருக்கும் மனசு வராது. அப்போது வரும் சந்தேகங்களும் ஏறக்குறைய ஒன்றேதான். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கீழே இருக்கின்றன.

வெறுமனே 'மருந்து' என்றால் இன்றைய தோட்டாக்களில் போடும் புகையில்லா வெடிமருந்து என்று எடுத்துக்கொள்ளவும். பழைய காலத்துக் கருமருந்தைப் பற்றிப் பேசுமிடத்தில் பெயர் சொல்லியிருக்கிறது. இந்தியாவில் தோட்டா தயாரிக்க 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். ஆகவே இங்கே சொல்வதெல்லாம் அமெரிக்க நடைமுறை.

1. மருந்து தீர்ந்துபோச்சு, டப்பா புதுசு மாதிரி இருக்கு. வேற எதுக்காவது வச்சுக்கலாமா?

கறாரான பதில்: கூடாது. டப்பா முழுக்கக் காலியாகிவிட்டதா என்று பார்த்துவிட்டு அப்புறப்படுத்துங்கள், வேறு எதற்கும் பயன்படுத்தாதீர்கள் என்பதுதான் மருந்துக் கம்பெனிகளும், 1926 முதல் இயங்கிவரும் அமெரிக்கத் துப்பாக்கி, தோட்டா உற்பத்தியாளர் கழகமும் சொல்வது. அந்தக் கழகத்தின் ஆங்கிலச் சுருக்கத்தை நம் வாயால் சொன்னால் 'சாமி' என்றே வரும். கீழேயும் அப்படியே குறிப்பிடுகிறோம்.

நடைமுறையில் பலரும் பட்டறைச் சாமான் போட்டு வைக்கிறார்கள். அதைச் செய்வதானால் மூன்று விஷயங்களில் விட்டுக்கொடுக்கக் கூடாது. மறுபடி எந்த மருந்தும் அதில் போகக் கூடாது. வாய்க்குள் போகிற எதுவும் போகக் கூடாது. பழைய லேபிளோடு ஒரு நாள்கூட அது மேசையில் நிற்கக் கூடாது. ஏன் என்பது அடுத்தடுத்த பதில்களில் வரும்.

2. காலி டப்பால என்னங்க ஆபத்து? உள்ளதான் ஒண்ணுமே இல்லையே?

இரண்டு ஆபத்து. முதலாவது, 'ஒண்ணுமே இல்லை' என்பது பெரும்பாலும் பொய். பிளாஸ்டிக் சுவரில் நிலைமின்சாரத்தால் மருந்துத் துணுக்குகள் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரு பவுண்டு டப்பாவில் 7,000 கிரெயின் மருந்து (ஒரு கிரெயின் சுமார் 65 மில்லிகிராம்). அதில் பத்திருபது கிரெயின் ஒட்டிக்கொண்டால் தட்டிக் கவிழ்த்தாலும் தெரியாது. அவ்வளவு மருந்தில் பெரிய தீ வராது. ஆனால் மூடிய டப்பாவுக்குள் ஒரு பொறி விழுந்தால் முகத்துக்கு நேரே குப்பென்று பற்ற அது போதும்.

இரண்டாவதுதான் பெரியது: லேபிள். மருந்து டப்பா என்பது வெறும் பாத்திரம் இல்லை, உள்ளே இருப்பது இன்னது என்று சொல்கிற சாட்சி. துப்பாக்கி வெடித்துச் சிதறும் விபத்துகளுக்கு மருந்து மாறிப்போவது ஒரு முக்கியக் காரணம். கைத்துப்பாக்கித் தோட்டாவுக்கு வேகமாக எரியும் மருந்தில் நாலைந்து கிரெயின் போதும். .30-06 மாதிரி ரைபிள் தோட்டாவுக்கு மெதுவாக எரியும் மருந்து ஐம்பது கிரெயினை ஒட்டிப் போகும். ரைபிள் அளவில் கைத்துப்பாக்கி மருந்தைப் போட்டால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. பார்வைக்கோ இரண்டும் சாம்பல் நிறத் தூள்தான்.

3. சரி, சுத்தமா காலி பண்றது எப்படி?

முதலில் மேசையிலிருந்து மற்ற மருந்து டப்பாக்கள், பிரைமர்கள் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். ஒரு வெள்ளைத் தாளை விரித்து, அதன் மேல் டப்பாவைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைக் கையால் தட்டுங்கள். பிறகு எல்.இ.டி. டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். உருண்டை மருந்து என்றால் அடிப்பகுதி விளிம்பில் இருக்கும் பள்ளத்தில் வளையமாக உட்கார்ந்திருக்கும். செதில் மருந்து என்றால் கழுத்து வளைவில் ஒட்டியிருக்கும்.

பெரும்பாலானவர்கள் கோட்டை விடும் இடங்கள் இரண்டு. வாயில் ஒட்டியிருந்த அலுமினியத் தாளைக் கிழித்தபோது விளிம்பில் மிச்சமாக நிற்கும் துண்டு. அதன் அடியில் மருந்து ஒளிந்துகொள்ளும். அதைச் சுரண்டி முழுதாக எடுங்கள். அடுத்து மூடியின் உள்ளே வைத்திருக்கும் வட்டத் தக்கை. கத்தி முனையால் நெம்பினால் கழன்று வரும், பின்னால் நாலைந்து துணுக்காவது இருக்கும்.

பிறகு கால் டப்பா வெதுவெதுப்பான தண்ணீர், இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு. மூடிக் குலுக்கி, காபி வடிகட்டும் தாள் வழியாக ஊற்றுங்கள். சோப்பு நிலைமின்சாரத்தைப் போக்கிவிடுவதால் ஒட்டியிருந்ததெல்லாம் விட்டு வரும். தாளில் ஒன்றும் தங்காத வரை திரும்பச் செய்யுங்கள்; சாதாரணமாக மூன்று தடவை ஆகும். மூடியைத் தனியாக வைத்து, டப்பாவைக் கவிழ்த்து ஒரு நாள் காய விடுங்கள். அவசரப்பட்டு ஹேர் டிரையர், அவன் பக்கம் போக வேண்டாம்.

4. கழுவின தண்ணியில வந்த மருந்தை சிங்க்ல ஊத்திடலாமா? தண்ணி பட்டா செத்துடும்ல?

சாகாது. கருமருந்தில் இருக்கும் வெடியுப்பு தண்ணீரில் கரைந்துபோகும், அதனால் அது நனைந்தால் தீர்ந்தது. புகையில்லா மருந்தின் உயிர் நைட்ரோசெல்லுலோஸ். அது தண்ணீரில் கரையாது. காய்ந்ததும் பழையபடி எரியும். சிங்க்கில் ஊற்றினால் குழாய் வளைவில் போய்த் தங்கும்.

வடிதாளில் சிக்கியது நாலு சிட்டிகைதான் இருக்கும். திறந்த வெளியில், காய்ந்த புல்லோ சருகோ இல்லாத வெறும் தரையில் வைத்து, ஒரு முனையில் தீ வைத்துவிட்டு விலகி நில்லுங்கள். உங்கள் ஊரில் வெளியே தீ மூட்டத் தடை இருக்கிறதா என்று முன்னாலேயே தெரிந்துகொள்ளவும். அதிக மருந்தை அழிக்க வேண்டியிருந்தால், தனித்த இடத்தில் ஓர் அங்குல உயரத்துக்கு மேற்படாத சிறு சிறு பரப்புகளாகப் பரப்பி, மெதுவாக எரிந்து போய்ச் சேரும் ஒரு திரி வைத்து, எட்டிப் போக நேரம் இருக்கும்படி பற்ற வைக்க வேண்டும் என்பது சாமி சொல்லும் முறை. குவியலாக வைக்கக் கூடாது, எதற்குள்ளும் அடைத்து எரிக்கக் கூடாது. வீட்டுக் கணப்பு அடுப்பில் போடவே கூடாது.

அசிட்டோன் ஊற்றினால் கரையுமே என்று சிலர் கேட்பார்கள். கரையும். காய்ந்ததும் டப்பாவின் உள்சுவர் முழுக்க எரியக்கூடிய வார்னிஷ் பூச்சாக நிற்கும். தூளாக இருந்ததைப் படலமாக மாற்றியது மட்டும்தான் மிச்சம்.

5. லேபிளை முழுசா உரிக்கணுமா? மார்க்கர்ல ஒரு குறுக்குக் கோடு போட்டா போதாதா?

போதாது. குறுக்குக் கோடு அர்த்தம் உங்களுக்குத் தெரியும். வீட்டில் மற்றவர்களுக்கும், தீயணைப்பு வீரருக்கும், ஆறு மாதம் கழித்து மங்கலான வெளிச்சத்தில் எடுக்கும் உங்களுக்கேகூடத் தெரியாது. ஸ்டிக்கர் என்றால் வெந்நீரில் அரை மணி ஊறப்போட்டு உரியுங்கள். மிச்சப் பசைக்குச் சமையல் எண்ணெய் தடவித் துடைத்தால் வந்துவிடும். பிளாஸ்டிக்கிலேயே அச்சிட்டது என்றால் பெயிண்ட் அடியுங்கள், அல்லது அகல டேப்பால் மொத்தமாக மூடுங்கள். மூடியின் மேலும் கம்பெனிப் பெயர் இருந்தால் அதையும் சேர்த்து.

பிறகு உள்ளே இருப்பதன் பெயரைப் பெரிதாக எழுதுங்கள். 'மருந்து அல்ல' என்றும் ஒரு வரி இருந்தால் நல்லது.

6. அப்படின்னா அதுல என்னதான் வைக்கலாம்?

சுட்ட பித்தளைக் கூடுகள், குண்டுகள், உருக்குவதற்கு வைத்திருக்கும் ஈயத் துண்டுகள், துப்பாக்கி துடைத்த துணி வெட்டுகள், ஸ்க்ரூ, வாஷர். ஈயம் போட்டால் பாதிக்கு மேல் நிரப்ப வேண்டாம், தூக்கும்போது கழுத்தில் பிளக்கும். எண்ணெயில் நனைந்த துணியானால் மூடியை இறுக்கி மூடி, வெயில் படாத இடத்தில் வைக்க வேண்டும்.

இந்த டப்பாவுக்கு மிகப் பொருத்தமான வேலை, சுட்டுத் தீர்ந்த பிரைமர்களைச் சேர்ப்பது. பிரஸ்ஸிலிருந்து (தோட்டாவை மறுபடி கூட்டும் மேசைக் கருவி) பழைய பிரைமர் விழும் குழாயை நேரே டப்பா மூடியில் ஓட்டை போட்டுச் செருகிவிடலாம். சாதாரண பிரைமர்களில் ஈயச் சேர்மம் இருப்பதால் அந்தப் புழுதி கைக்கும் மூக்குக்கும் ஆகாது. மூடிய டப்பாவில் விழுவதே நல்லது. நிறைந்ததும் பித்தளைக் கழிவாகப் பழைய உலோகக் கடையில் போடலாம். ஓட்டை போடுவது 3-ஆம் பதிலில் சொன்னபடி கழுவிய பிறகுதான்.

பெட்ரோல், தின்னர், துப்பாக்கி சுத்தம் செய்யும் திரவங்கள் வேண்டாம். இந்த டப்பாக்கள் உலர்ந்த பொருளுக்காகச் செய்தவை. பிளாஸ்டிக் தாங்கினாலும் மூடித் தக்கை ஊறி ஒழுகும்.

7. சுட்ட பிரைமர் வைக்கலாம்னா புது பிரைமரும் கொட்டி வைக்கலாம்தானே? பெட்டியில அடுக்கி வச்சா இடம் அடைக்குது.

இந்தப் பக்கத்திலேயே அழுத்தமாகச் சொல்ல வேண்டிய 'கூடாது' இதுதான். மருந்து எரியும், பிரைமர் வெடிக்கும். கம்பெனி அட்டையில் ஒவ்வொரு பிரைமருக்கும் தனி இடம் விட்டிருப்பது அழகுக்காக இல்லை. ஒன்று வெடித்தால் பக்கத்தில் இருப்பதும் சேர்ந்து வெடிக்காமல் இருக்கத்தான் அந்த இடைவெளி. ஆயிரம் பிரைமரை டப்பாவில் கொட்டிக் குலுக்கினால், உரசலோ நிலைமின்சாரமோ ஒன்றைத் தூண்டினாலே எல்லாம் ஒரே நேரத்தில் வெடிக்கும். அது கையெறிகுண்டுதான். கம்பெனி அட்டையை விட்டு அன்றைய வேலைக்கு வேண்டியதைத் தவிர ஒன்றுகூட வெளியே வரக் கூடாது.

8. நல்லா சோப்பு போட்டுக் கழுவிட்டா பருப்பு, புளி போட்டு வைக்கலாமா? நாய்க்குத் தண்ணி வைக்கலாமா?

வேண்டாம். மருந்தில் நைட்ரோசெல்லுலோஸ் மட்டும் இல்லை. பல வகைகளில் நைட்ரோகிளிசரின் இருக்கிறது. கெடாமல் இருக்க டைபீனைலமீன் சேர்ப்பார்கள், எரியும் வேகத்தைக் கட்டுப்படுத்த வேறு பூச்சுகளும் உண்டு. இவற்றில் சில எண்ணெய்த் தன்மை உள்ளவை. பிளாஸ்டிக் அவற்றைக் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும். ஊறுகாய் வைத்த டப்பாவை எத்தனை தடவை கழுவினாலும் வாசனை போகாது அல்லவா, அதே கதை. மருந்தை நாள் முழுக்கக் கையாண்டவர்களுக்குத் தலைவலி வருவதும் நைட்ரோகிளிசரினால்தான். நாய்க்கும் கோழிக்கும் இதே பதில். குழந்தைகளுக்கு உண்டியலாகக் கொடுப்பதும் வேண்டாம்: இந்த மாதிரி டப்பா விளையாட்டுச் சாமான் என்று பழகிவிட்டால், நாளை நிறைந்த டப்பாவையும் அதே கையால் திறப்பார்கள்.

9. அதே கம்பெனி, அதே நம்பர் மருந்துதான். அதுக்காவது பழைய டப்பாவைப் பயன்படுத்தலாமா?

'அதே நம்பர்' என்ற சொல்லே ஆளைக் கவிழ்க்கும். எச் 4831 என்று ஒரு மருந்து, ஐ.எம்.ஆர். 4831 என்று இன்னொன்று. இரண்டாவது முதலாவதைவிட வேகமாக எரியும். எச் 4831-க்குச் சொன்ன உச்ச அளவை ஐ.எம்.ஆர். மருந்தில் போட்டால் அழுத்தம் எல்லை தாண்டும். 4350, 4895 எண்களிலும் இதே இரட்டைப் பெயர்கள் உண்டு. முன்பு இவை வேறு வேறு கம்பெனிகளுடையவை. 2003-லிருந்து ஐ.எம்.ஆர். பெயரும், எச் மருந்துகளை விற்கும் ஹாட்ஜ்டன் கம்பெனியின் கையில்தான் இருக்கிறது. ஆக இன்று 'ஒரே கம்பெனி, ஒரே நம்பர்' என்று சொன்னாலும் மருந்து இரண்டு.

எதிர்ப்பக்கமும் உண்டு. எச்.பி. 38-உம் வின்செஸ்டர் 231-உம் ஒரே மருந்து. எச் 110-உம் வின்செஸ்டர் 296-உம் அப்படியே. அங்கேகூட ஒன்றின் டப்பாவில் மற்றதை ஊற்ற வேண்டாம். 'பெயர் வேறானாலும் மருந்து ஒன்றுதான்' என்ற நினைப்பு கைக்குப் பழகிவிட்டால், அடுத்த தடவை 4831-இல் கை அதையே செய்யும்.

டப்பாவின் அளவை வைத்து எடையை நம்புவதும் தவறு. டிரெயில் பாஸ் மருந்து வளையம் வளையமாகப் பொரி மாதிரி இருக்கும். மற்றவை 16 அவுன்ஸ் பிடிக்கிற டப்பாவில் அது 9 அவுன்ஸ்தான் வரும். அந்த டப்பாவில் அடர்த்தியான உருண்டை மருந்தைப் போட்டு வைத்தால், லேபிளில் எடையும் பொய், பெயரும் பொய்.

10. எட்டு பவுண்டு ஜாடி வாங்கினா சல்லிசா விழுது. ஆனா தூக்கி ஊத்த முடியல. அதே மருந்தோட காலி ஒரு பவுண்டு டப்பால மாத்தி வச்சுக்கலாமா?

இதைச் செய்பவர்கள் நிறையப் பேர். ஆனாலும் இங்கே பரிந்துரை: வேண்டாம். முதல் காரணம் லாட் எண், அதாவது எந்தத் தயாரிப்புத் தொகுதி என்று காட்டும் எண். ஒரே பெயர் மருந்தானாலும் ஒவ்வொரு தயாரிப்புக்கும் எரியும் வேகத்தில் சின்ன வித்தியாசம் இருக்கும். பழைய டப்பாவில் அச்சிட்ட லாட் எண் பழைய மருந்துடையது. நாளைக்கு அந்த லாட்டைக் கம்பெனி திரும்பப் பெற்றால் உங்களிடம் இருப்பது எது என்று உங்களுக்கே தெரியாது.

இரண்டாவது, விதி. அமெரிக்காவின் தேசியத் தீத்தடுப்புச் சங்கத்தின் 495-ஆம் எண் விதித்தொகுப்பு வீட்டில் 20 பவுண்டு வரை மருந்து வைத்துக்கொள்ள விடுகிறது. 20-க்கு மேல் 50 வரை என்றால் குறைந்தது ஓர் அங்குலக் கனமுள்ள மரப்பெட்டி வேண்டும். இரண்டுக்கும் பொதுவான நிபந்தனை, மருந்து அதன் மூல டப்பாவில் இருக்க வேண்டும் என்பது. உள்ளூர் விதி இதைவிடக் கடுமையாகவும் இருக்கலாம். தீ விபத்துக்குப் பிறகு இன்சூரன்ஸ்காரர் வந்து பார்க்கும்போது 'ஒரே மருந்துதான் சார்' என்ற விளக்கம் எடுபடாது.

ஜாடி கனக்கிறது என்பதுதான் பிரச்சினை என்றால் தீர்வு எளிது. ஜாடியைத் தரையில் வைத்து, அன்றைக்குத் தேவையானதைச் சிறு பிளாஸ்டிக் கரண்டியால் அள்ளி ஹாப்பரில் (மருந்தை அளந்து விடும் கருவியின் மேல் குடுவை) போடுங்கள். மிச்சம் அன்றே ஜாடிக்குத் திரும்பட்டும். 45 கிரெயின் அளவுக்கு நூறு தோட்டா என்றாலும் முக்கால் பவுண்டுக்குள்தான் வரும்.

11. பழைய லாட்ல ஒரு கைப்பிடி மிச்சம் இருக்கு. புது டப்பால கொட்டிக் கலந்துடவா?

ஒரே பெயரானாலும் கலக்காமல் தீர்ப்பதே நல்லது. மிச்சத்தில் இருபது தோட்டா வருமானால் அதைத் தனியாகப் போட்டு, பெட்டியில் லாட் எண் எழுதிவிடுங்கள். புது லாட் திறந்ததும் நேரே உச்ச அளவுக்குப் போகாமல் பத்து சதவீதம் குறைத்துத் தொடங்கிப் படிப்படியாக ஏற்றுவதுதான் வழக்கம். கலந்துவிட்டால் அந்தச் சோதனைக்கே அர்த்தம் இல்லை.

12. பிளாஸ்டிக் டப்பாவைவிட கண்ணாடி ஜாடியோ, ரப்பர் வச்ச மிலிட்டரி இரும்புப் பெட்டியோ பலமாச்சே. அதுல மாத்தினா பாதுகாப்புதானே?

தீபாவளியை நினைத்துக்கொள்ளுங்கள். புஸ்வாணத்துக்கு மேலே வாய் உண்டு, அதனால் சீறி அடங்குகிறது. அதே மருந்தைச் சணல் சுற்றி இறுக்கிக் கட்டினால் அணுகுண்டு வெடி. வித்தியாசம் மருந்தில் குறைவு, அடைப்பில்தான் அதிகம்.

புகையில்லா மருந்துக்கு இது இன்னும் பொருந்தும். திறந்தவெளியில் அது சுறுசுறுவென்று எரியும், அவ்வளவுதான். அடைத்தால் அழுத்தம் ஏற ஏற எரியும் வேகமும் ஏறும். துப்பாக்கி வேலை செய்வதே அந்தக் குணத்தால்தான். கம்பெனி டப்பா 'லேசாக' இருப்பது சிக்கனத்துக்காக மட்டும் இல்லை: தீப்பிடித்தால் குறைந்த அழுத்தத்திலேயே பிளந்து விடும்படி செய்திருக்கிறார்கள். இரும்புப் பெட்டி பிளக்காது. கடைசி வரை பிடித்து வைத்து, பிறகு வெடிக்கும். கண்ணாடி சில்லாகப் பறக்கும். போதாக்குறைக்கு வெளிச்சத்தை உள்ளே விட்டு மருந்தையும் கெடுக்கும். மருந்து டப்பாக்களையே அப்படியே ரப்பர் இறுக்கமுள்ள இரும்புப் பெட்டிக்குள் அடுக்கிப் பூட்டுவதும் இதே தவறுதான்.

13. ஈரம் படாம இருக்க சிலிக்கா ஜெல் பொட்டலம் போடலாமா?

உப்பு ஜாடியில் நாலு அரிசி போடுகிற பழக்கத்தை இங்கே கொண்டுவர வேண்டாம். மருந்துக்குள் கொஞ்சம் ஈரம் இருக்கும்படியே கம்பெனி அனுப்புகிறது. அதை உறிஞ்சி எடுத்தால் மருந்து வேகமாக எரியும். போன மாதம் சரியாக இருந்த அளவு இந்த மாதம் அழுத்தம் காட்டும். டப்பா விட்டு டப்பா மாற்றுவதும், மூடியைத் திறந்தே வைப்பதும் இதே வேலையைத்தான் செய்யும், வறண்ட ஊர்களில் சீக்கிரம். மூடியை இறுக்கி மூடிக் குளிர்ந்த இடத்தில் வைப்பது போதும்.

14. நேத்து ஹாப்பர்ல மருந்தை விட்டுட்டுப் போயிட்டேன். காலைல பார்த்தா மேசைல ரெண்டு டப்பா. எதிலேர்ந்து எடுத்தேன்னு சத்தியமா ஞாபகம் இல்ல.

ஹாப்பரில் இருப்பது இப்போது பெயரில்லாத மருந்து. அதை 4-ஆம் பதிலில் சொன்ன மாதிரி எரித்துவிடுங்கள். இரண்டு டப்பாவையும் எடை போட்டு ஊகிப்பது, நிறத்தைப் பார்த்து ஊகிப்பது எதுவும் வேண்டாம். செதில் மருந்துகளில் ரெட் டாட், கிரீன் டாட் மாதிரி வண்ணச் செதில் கலந்தவை உண்டுதான். ஆனால் ரைபிள் மருந்துகளில் ஐ.எம்.ஆர். 3031, 4064, 4895 மூன்றும் பென்சிலுக்குள் இருக்கும் கரிக்குச்சியை நறுக்கிப் போட்டது போலவே இருக்கும்.

இனி வராமல் இருக்க: மேசையில் எப்போதும் ஒரே ஒரு மருந்து டப்பா. ஹாப்பரில் மருந்து இருக்கும் வரை அந்த டப்பா ஹாப்பருக்குப் பக்கத்திலேயே நிற்கட்டும். வேலை முடிந்ததும் அதே டப்பாவில் திருப்பி ஊற்றிவிடுங்கள். இரவு முழுக்க விட்டால் இன்னொரு கேடும் உண்டு. நைட்ரோகிளிசரின் உள்ள மருந்து ஹாப்பரின் தெளிவான பிளாஸ்டிக்கை அரித்து, மஞ்சளாக மங்க வைத்துவிடும்.

15. கருமருந்து வந்த தகர டப்பா அழகா இருக்கு. அதுல புகையில்லா மருந்து போட்டா என்ன?

அந்தத் தகரத்தைப் பார்க்கும் யாரும் உள்ளே கருமருந்து என்றே நினைப்பார்கள். முன்வாயால் மருந்து இட்டுக் கெட்டிக்கும் பழைய பாணித் துப்பாக்கியில் கருமருந்து அளவுக்குப் புகையில்லா மருந்தைப் போட்டால் குழல் பிளந்துவிடும். கையையோ கண்ணையோ இழப்பது இப்படித்தான். எதிர்ப்பக்கமும் சரியில்லை: கருமருந்து சின்னப் பொறிக்கே வெடிக்கும், போக்குவரத்து விதியிலேயே அது வேறு வகுப்பு. பிளாஸ்டிக் டப்பாவில் சாதாரண மருந்து என்று நினைத்து ஒருவர் அசட்டையாகக் கையாள்வார்.

தகரத்தை அழகுக்கு வைத்துக்கொள்ள ஆசை என்றால், நாலைந்து தடவை தண்ணீர் விட்டு அலசிக் காய வைத்து, மூடியைத் திறந்தே அலமாரியில் வையுங்கள். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் லேபிளை உரிக்கச் சொல்ல மனசு வரவில்லை, பழைய டூபாண்ட் தகரங்களைச் சேகரிப்பவர்கள் இருக்கிறார்கள். அதற்கு ஈடாக மூடி ஒருபோதும் போட வேண்டாம், உள்ளே எதுவும் வைக்க வேண்டாம். தகரத்தில் பற்ற வைப்பது, துளை போடுவது, வெட்டுவது கூடாது. மடிப்புகளுக்குள் தூள் தங்கியிருக்கும்.

16. பழைய டப்பாவைத் திறந்தா புளிச்ச வாடை, செம்பழுப்பா புகை மாதிரி வருது. மருந்தைக் கொட்டிட்டு டப்பாவை வச்சுக்கலாமா?

மருந்து கெட்டுப்போய்விட்டது. நல்ல மருந்தில் லேசாக ஈத்தர், ஆல்கஹால் மாதிரி வாடை இருக்கும். கெட்டது அமில வாடை அடிக்கும், துருப்போல் செம்பழுப்புத் தூள் படியும். வெளியே வருவது நைட்ரஜன் ஆக்சைடு வாயு, மூக்கை வைத்து முகர வேண்டாம். கெட்ட மருந்து தானாகச் சூடேறித் தானே பற்றிக்கொள்ளவும் கூடும். ஆகவே 'வார இறுதியில் பார்த்துக்கொள்ளலாம்' என்று தள்ளிப்போடாமல் வீட்டுக்கு வெளியே எடுத்துச் சென்று அழித்துவிடுங்கள்.

டப்பாவையும் சேர்த்துக் கழியுங்கள். அந்த அமிலம் ஊறிய டப்பாவில் பித்தளைக் கூடு வைத்தால்கூட அரிக்கும்.

17. ஒரு பெரியவர் இறந்துபோய் அவர் சாமானெல்லாம் வித்தாங்க. பத்து டப்பா மருந்து, சீல் உடைச்சது. லேபிள் தெளிவா இருக்கு. நம்பலாமா?

இந்தப் பக்கத்தை முதலிலிருந்து படித்திருந்தால் விடை உங்களுக்கே தெரியும். அந்தப் பெரியவர் காலி டப்பாவைத் திரும்பப் பயன்படுத்தும் பழக்கம் உள்ளவரா இல்லையா என்று இப்போது யாரிடம் கேட்பது? சீல் உடையாதது, வாடை நன்றாக இருப்பது என்றால் வாங்கலாம். உடைந்தது எதுவானாலும் எரிக்கத்தான். தோட்டாவைப் பிரித்து எடுத்த மருந்தை இப்படி டப்பாவில் சேர்த்து வைக்கிறவர்கள் உண்டு. நாலு வகை கலந்து, மேலே அழகான ஒரே லேபிளோடு.

18. கழுவி லேபிளும் உரிச்சாச்சு. ரீசைக்கிளிங் தொட்டியில போடலாமா? இல்ல எரிச்சிடலாமா?

அடியில் முக்கோணத்துக்குள் 2 என்று இருந்தால் அது பால் கேன் செய்கிற அதே வகை பிளாஸ்டிக், தொட்டியில் போடலாம். உரிக்காமல் போட்டால் பிரிக்கும் இடத்தில் அபாயச் சின்னத்தைப் பார்த்து வேலையை நிறுத்திவிடுவார்கள், அவர்கள் மேல் தப்பில்லை. மூடியைக் கழற்றித் தனியாகப் போடுங்கள்; திறந்த டப்பா காலி என்று பார்த்தாலே தெரியும். எரிக்க வேண்டாம். மூடிய டப்பாவைத் தீயில் போடுவது 12-ஆம் பதிலில் சொன்ன வெடியைச் சின்ன அளவில் நீங்களே செய்து பார்ப்பது.

19. மருந்து வந்த அட்டைப்பெட்டி நல்லா இருக்கு. அதுல துணிமணி போட்டு தபால்ல அனுப்பலாமா?

வெளியே இருக்கும் அபாயச் சின்னங்களை முழுக்க மறைக்காமல் அனுப்பக் கூடாது. தபால்காரர்கள் சின்னத்தைத்தான் நம்புவார்கள், நீங்கள் 'உள்ளே சட்டைதான்' என்று சொல்வதை அல்ல. சில்லறை மருந்து பெரும்பாலும் 4.1 என்ற எரியும் திடப்பொருள் சின்னத்தோடு வரும். பழைய தோட்டாப் பெட்டிகளில் ஓ.ஆர்.எம்.டி. என்ற எழுத்துகள் இருக்கும். அந்த வகுப்பு 2020 முடிவோடு வழக்கொழிந்துவிட்டது, ஆனாலும் பெட்டியைத் தனியாக ஒதுக்கி வைக்க அது போதும். வேறு பெட்டி ஒரு டாலருக்குக் கிடைக்கிறது.

20. காலி தகரத்தைப் பென்சில் வைக்கலாம்னு ஊருக்கு, சென்னைக்கு, எடுத்துட்டுப் போகலாமா? பெட்டியிலதான் வைப்பேன், கையில இல்ல.

மருந்து, கருமருந்து, அதற்கு மாற்றான பைரோடெக்ஸ் போன்றவை எதையும் விமானத்தில் கைப்பையிலும் கொண்டுபோகக் கூடாது, பெட்டியிலும் கூடாது. காலி தகரத்தில் மருந்தே இல்லையே என்று நீங்கள் சொல்லலாம். சோதனையில் ஒரு சிறு துணியால் துடைத்துக் கருவியில் வைப்பார்கள். அந்தக் கருவி தேடுவதே வெடிமருந்தின் மிகச் சின்னச் சுவடுகளைத்தான். மூன்று தடவை கழுவிய தகரத்தின் மடிப்பிலும் அது கிடைக்கும். அதோடு பக்கத்தில் மடித்து வைத்த வேட்டி, புடவைக்கும் ஒட்டும்.

இதே காரணத்தால், ரீலோடிங் மேசையில் உபயோகித்த பை, ஜாக்கெட் எதையும் பயணத்துக்கு எடுக்காதீர்கள். தகரத்தை எடுத்துக்காட்ட வேண்டும் என்றால் போட்டோ எடுத்து அனுப்பிவிடுங்கள்.